பழுதுபார்க்கக் கொடுத்த பின்பால் மெஷினை மெக்கானிக் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: மாமனார் விட்டுச்சென்ற 1970களின் பின்பால் மெஷின் (கண்ணாடிக்கு அடியில் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு மெஷின்) ஒன்று எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இருக்கிறது. பந்தை அடிக்கும் சிறு மட்டைகளான ஃபிளிப்பர்கள் தேய்ந்து பந்தைத் தள்ளாமல் போனதால், ரிச்சி தெருப் பக்கம் பட்டறை வைத்திருப்பவரிடம் முழுக் கூலியாக ரூ.12,000 கொடுத்துச் சரிசெய்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இடது ஃபிளிப்பரை இயக்கும் காயில் (மின்கம்பிச் சுருள்) புகைந்து கருகியது. மறுபடி எடுத்துச் சென்றவர், காயிலை இன்னும் மாற்றவில்லை, ஆனால் ரூ.9,000 தந்தால்தான் மெஷினைத் தருவேன் என்கிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் தந்தால் தருகிறேன் என்பவர்மீது நம்பிக்கை மோசடி வழக்குப் பதிவது கடினம்; புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 170ஆம் பிரிவு, பழுதுபார்ப்பவர் தாம் செய்து முடித்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. முதல் வேலைக்கான கூலியை நீங்கள் முழுமையாகக் கொடுத்துவிட்டீர்கள், இரண்டாவது வேலையை அவர் தொடங்கவே இல்லை என்பதால், இனிச் செய்யப்போகும் வேலைக்காக மெஷினை நிறுத்திவைக்க இப்பிரிவு அவருக்கு உதவாது.

காயில் கருகியதற்கு யார் பொறுப்பு என்பதே சிக்கலான கேள்வி. இவ்வகை மெஷின்களில் ஃபிளிப்பர் காயிலுக்கு இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: அடிப்பதற்கு வலுவான ஒன்று, தூக்கிய நிலையில் தாங்கிப் பிடிக்க மெல்லியது ஒன்று. ஃபிளிப்பர் முழுதாக மேலெழும்போது, அதன் அடியில் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச்சின் இரண்டு தகடுகள் விலகி, மெல்லிய சுற்றையும் மின்சாரப் பாதையில் சேர்க்கும். தகடுகள் விலகாவிட்டால் வலுவான சுற்றே முழு மின்சாரத்தையும் சுமந்து, பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே கருகிவிடும். லிங்க், பிளஞ்சர், புஷ் என ஃபிளிப்பரின் உட்பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றியவர் இந்தத் தகடுகளின் இடைவெளியைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. சுவிட்ச்சையும் மாற்ற வேண்டும் என்று அவர் அன்றே சொல்லி, நீங்கள்தான் செலவு வேண்டாம் என்று தடுத்திருந்தால், உங்கள் வாதம் பெரிதும் பலவீனப்படும். இதை மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆகவே, ஸ்பீட் போஸ்டில் அனுப்பும் நோட்டீஸில் மெஷினை மட்டும் கேட்காமல், கருகிய காயிலையும் கழற்றிய பழைய பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவை உங்கள் சொத்து, உங்கள் சாட்சியமும்கூட. வேறொரு மெக்கானிக் அவற்றைப் பார்த்து எழுதித் தரும் கருத்து இல்லாமல், கருகிய காரணத்தை நிரூபிப்பது கடினம். வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023இன் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்று இணைக்க வேண்டும்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த கூலி ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. காயில் கருகிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். மெஷின் வீட்டில் இல்லாமல் ஏதாவது ஓட்டலில் காசுக்கு ஓடிக்கொண்டிருந்தால், வணிக நோக்கம் என்ற ஆட்சேபம் முதல் விசாரணையிலேயே எழக்கூடும்.

வழக்குக்காகக் காத்திருக்க மனமில்லை என்றால், 'உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, ரூ.9,000க்கு ரசீது வாங்கிக்கொண்டு மெஷினை மீட்டுவிட்டு, அந்தத் தொகையையும் புகாரில் சேர்த்துக் கேட்கலாம்.