உடன்பாடில்லை, ஆனாலும் உடன் நின்றார்

கேள்வி: பியானோ கலைஞர் கிளென் கூல்ட் மேடைக்கு வருவதற்கு முன்பே, ‘இவர் வாசிக்கப்போகும் விதத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை’ என்று இசைக்குழுவை நடத்திய கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் சபையிடம் சொன்னாராமே? கூட வாசிப்பவரைக் காட்டிக்கொடுத்தவரை மாமேதை என்கிறீர்களே, நியாயமா?

பதில்: பேச்சின் பாதியைத்தான் உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

1962 ஏப்ரல் 6, நியூயார்க்கின் கார்னகி ஹால். நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன், இசையமைப்பாளர் பிராம்ஸின் டி மைனர் பியானோ கன்செர்ட்டோ, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. கூல்ட் கேட்ட காலப்பிரமாணம் மிக நிதானமானது. எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று பிராம்ஸ் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தும் பல இடங்களில் விலகினார். தனக்கு ஒப்பவில்லை என்பதை பெர்ன்ஸ்டைன் சபையிடம் மறைக்கவில்லை. சரி, அப்புறம் என்ன சொன்னார்? வேறொரு பியானோ கலைஞரை வரவழைத்திருக்கலாம், உதவி கண்டக்டரிடம் பொறுப்பை விட்டிருக்கலாம். ஆனால் கூல்ட் சிந்தித்து வாசிக்கும் கலைஞர், பலமுறை கேட்ட படைப்பைப் புதிதாகப் பார்க்க இது ஒரு வாய்ப்பு, அதனால் நானே நடத்துகிறேன் என்றார்.

சொல்லிவிட்டு, 50 நிமிடங்களுக்கு மேல் கூல்டின் காலப்பிரமாணத்திலேயே இசைக்குழுவை நடத்தினார். எனக்கு முக்கியம் இதுதான். மொத்த இசைக்குழுவும் அவர் கையசைவில் இருந்தது. நினைத்திருந்தால் ஓரிடத்தில் சற்று முடுக்கி, பியானோவைத் தன் வழிக்கு இழுத்திருக்கலாம். வானொலியில் ஒலிபரப்பான அந்தக் கச்சேரியின் பதிவு இன்றும் கிடைக்கிறது. அதில் அப்படி ஓர் இழுபறி என் காதில் விழவில்லை. தனியறையில் தலையாட்டிவிட்டு மேடையில் காலை வாரியிருந்தால், அதைக் காட்டிக்கொடுத்தது என்று நானும் சொல்வேன்.

ஒரு குறை எனக்கும் உண்டு. முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட காது, நிதானத்தை மட்டும்தான் தேடிக் கேட்கும். நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சகர் ஹெரால்ட் ஷோன்பெர்க் கூல்டைக் கிழித்துப் போட்டார். அந்தப் பேச்சு இல்லாமல் அவர் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கூல்டே பின்னாளில் அதைப் பற்றி மனக்கசப்போடு பேசியதில்லை. 1964-ல் 31 வயதில் அவர் மேடைக் கச்சேரிகளை விட்டதற்கு இந்தப் பேச்சைக் காரணம் சொல்வதும் தவறு. சபை முன் வாசிப்பது அவருக்கு அதற்கு வெகு முன்பிருந்தே பிடிக்காது.

1980-களில் பியானோ கலைஞர் கிரிஸ்டியன் சிமர்மனோடு வியன்னா பில்ஹார்மோனிக்கை வைத்து இதே கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார் பெர்ன்ஸ்டைன். ஏறக்குறைய கூல்டின் அதே நிதானத்தில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.