பட்டையில் புண் வைக்காதீர்கள்: பூசண நோய் கேள்வி-பதில்

நெல்லிக்குப்பம் வாசகர்: கரும்பில் சோகை (இலை) மஞ்சளாகிக் காய்கிறது. என்ன மருந்து தெளிக்கலாம்?

ஒரு கரும்பையாவது நீளவாக்கில் பிளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உள்ளே சிவந்து, அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருந்து, புளித்த வாடையும் அடித்தால் செவ்வழுகல்தான். அதன் பிறகு தெளிக்கும் மருந்து வீண் செலவு. தூரோடு தோண்டி எரியுங்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு விடாதீர்கள், அடுத்த போகம் நெல் போடுங்கள். அந்த வயலிலிருந்து நடவுக்கு ஒரு கரணைகூட எடுக்கக் கூடாது. சர்க்கரைச் சத்துக்குப் பேர்போன நம் கடலூர்க் கரும்பு ரகம் கோக 671-ஐயே வீழ்த்திய நோய் இது.

குறிஞ்சிப்பாடி வாசகர்: சவுக்கு வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. நோயா?

இல்லை. அது பிராங்கியா என்ற நுண்ணுயிர். காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குச் சேர்த்துத் தருகிறது. தொடாதீர்கள்.

பண்ருட்டி வாசகர்: பலாப் பிஞ்சுகள் கறுத்துப் பூசணம் பூத்து உதிர்கின்றன.

உதிர்வதில் பெரும்பகுதி பிஞ்சே அல்ல, ஆண் பூங்கதிர். மகரந்தம் கொட்டியதும் அது கறுத்து விழத்தான் செய்யும். காய்க்கும் கதிரின் காம்பு தடித்திருக்கும். அதைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். விழுந்ததைக் கூட்டி எரியுங்கள். அதில் பூக்கும் ரைசோபஸ் என்ற பூசணம்தான் நல்ல பிஞ்சுக்கும் தாவுகிறது.

கடலூர் கடற்கரைக் கிராமத்து வாசகர்: மூன்று வயதுச் சவுக்கு நின்றபடியே காய்கிறது. பட்டையில் கொப்புளம் எழும்புகிறது. பையில் மாதிரி அனுப்பியிருக்கிறேன்.

கொப்புளப் பட்டை நோய். 1900-களின் தொடக்கத்திலேயே பூசணவியல் அறிஞர் பட்லர் இந்தப் பூசணத்துக்குப் பெயரிட்டு விவரித்துவிட்டார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகப் பூசணவியல் அறிஞர் சி.வி. சுப்பிரமணியனின் பெயரால் அதைச் சுப்பிரமணியனோஸ்போரா என்று மாற்றினார்கள். கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பட்டை வெடித்து, விளக்குக் கரி போன்ற தூள் விரலில் ஒட்டும். அத்தனையும் பூசணத்தின் வித்து, காற்றடித்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

அது மரத்துக்குள் நுழைய வாசல் திறந்துவிடுவது நாம்தான். இதை எத்தனை முறை எழுதினாலும் என் ஆதங்கம் தீரவில்லை. பக்கக் கிளையை அரிவாளால் ஓங்கி வெட்டுகிறார்கள். கிளையோடு ஒரு முழம் பட்டையும் உரிந்து வருகிறது. சென்ற மாதம் நான் பார்த்த ஒரு தோப்பில் மழை நாளில் கிளை கழித்திருந்தார்கள். காய்ந்து நின்ற மரம் ஒவ்வொன்றிலும் கொப்புளம் அந்த வெட்டுக்காயத்தை ஒட்டியே தொடங்கியிருந்தது. கழிப்பதானால் மழையில்லாத நாளில், ரம்பத்தால், பட்டை உரியாமல் கழியுங்கள். கோடையில் தண்ணீருக்கு ஏங்கவிடாதீர்கள். நோய் வந்த மரத்தை வேரோடு எடுத்து எரித்து, அந்த இடத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் பிரித்துவிடுங்கள்.

மாதிரி விஷயம். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய பட்டை என்னிடம் கூழாக வந்து சேர்ந்தது. அதில் இப்போது வளர்வது அழுகலைத் தின்னும் பூசணம். அதை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் ஓரத்தில் வெட்டி, காகித உறையில் அனுப்புங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: வேப்பமரம் நுனியெல்லாம் கருகிவிட்டது. வெட்டிவிடச் சொல்கிறார்கள்.

வெட்டாதீர்கள் அம்மா. 1997-இல் பெயரிடப்பட்ட போமோப்சிஸ் பூசணத்தின் வேலை அது. தேயிலைக் கொசு என்ற பூச்சியும் தளிரை உறிஞ்சிக் கருக வைக்கும். எதுவானாலும் பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கும். அடிமரத்தில் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணிகளை மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள்.

பாகூர் வாசகர்: தென்னை அடியில் முளைத்த காளானைப் பறித்துவிட்டேன். போதுமா?

போதாது. தஞ்சாவூர் வாடல் நோயில் காளான் தலைகாட்டும்போது வேர் ஏற்கெனவே அழுகியிருக்கும். அந்த மரத்தைக் காப்பது கடினம். பக்கத்து மரங்களைப் பாருங்கள். ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) மரத்துக்கு 40 லிட்டர் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். மண்வெட்டி வேரில் படக் கூடாது.

வில்லியனூர் வாசகர்: போர்டோ கலவையை இரும்பு வாளியில் கலக்கலாமா?

கூடாது. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். தீட்டிய கத்தியை முக்கி எடுங்கள்; செம்புப் படிவு தெரிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்துவிடுங்கள்.