எம்டனுக்குப் பெயின்ட் முதலிலா, பசை முதலிலா?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ரெவெல் நிறுவனத்தின் 1/350 (நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு) எம்டன் கப்பல் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கியிருக்கிறேன். இதுதான் முதல் கிட். ஏர்பிரஷ் இல்லை, பிரஷ் மட்டும்தான். முழுதாக ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதா, அடித்துவிட்டு ஒட்டுவதா? சென்னையில் குண்டு போட்டபோது இருந்த நிறமே வேண்டும். சூப்பர் க்ளூவில் ஒட்டிப் பார்த்தேன், சுற்றிலும் வெண்புகை போலப் படிந்துவிட்டது.”

நிறத்தை முதலில் முடித்துவிடலாம். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப் போருக்கு முன் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த காலத்தில் அது வெள்ளை உடம்பும் மஞ்சள் புகைபோக்கிகளுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கியது அப்போதுதான். போர் மூண்டதும் சாம்பல் பூசிவிட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது சாம்பல் நிற எம்டன். உங்களுக்கும் அதுதான். முதல் கிட்டுக்கு இது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பிரஷ்ஷில் வெள்ளையைத் திட்டுத் திட்டாக இல்லாமல் அடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

ஆனால் டப்பாவில் இருக்கும் சாம்பலை அப்படியே பூசாதீர்கள். 118 மீட்டர் கப்பல் உங்கள் மேஜையில் சுமார் 34 செ.மீ. அதை ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பது, நிஜக் கப்பலை 150 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். அதனால் சாம்பலில் துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். கறுப்பு அடிக்கச் சொல்லும் இடங்களில் அடர் சாம்பல் போதும்.

சரி, பெயின்டா பசையா? இரண்டும் மாறி மாறித்தான். பிரஷ் பிறகு எட்டாத இடம் எதுவோ அதற்கு இப்போதே பெயின்ட். மற்றதெல்லாம் ஒட்டிய பிறகு. எம்டனில் இதற்கு நல்ல உதாரணம் மேல்தளம். தளம் ஒரு நிறம், அதன்மேல் நிற்கும் அறைகளும் பீரங்கிகளும் சாம்பல். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத் தளத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனால், பத்துப் பீரங்கிகளுக்கு நடுவே பிரஷ்ஷை நுழைத்து நுழைத்து அழ வேண்டியதுதான். தளத்தைத் தனியாக அடித்துக் காயவையுங்கள். அறைகள், புகைபோக்கிகள், பீரங்கிகள் ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகுப்பாக ஒட்டி, அடியில் ஒரு பல்குச்சியைச் செருகிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். புகைபோக்கி இரண்டு பாதிகளாக இருந்தால் ஒட்டி, கோடு மறையத் தேய்த்த பிறகே பெயின்ட்.

ஒட்டும் இடத்தில் மட்டும் பெயின்ட் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் என்பது பெயரளவில்தான் பசை. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்டோடுதான் ஒட்டும், பெயின்டோடே பெயர்ந்தும் வரும். கத்தி முனையால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவை உலோகப் பாகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த வெண்படலம் அதன் ஆவி படிந்தது. அளவு குறைத்து, காற்றோட்டத்தில் வைத்தால் குறையும். காற்றோட்டம் என்றதும் மின்விசிறியைப் போட்டுவிடாதீர்கள். இந்த அளவில் ஒரு மாலுமியே 5 மி.மீ. உயரம்தான். நான் ஒரு நங்கூரத்தைத் தேடி அலமாரியையே நகர்த்தியிருக்கிறேன். சின்னப் பாகங்களை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு வெட்டுங்கள், பறந்தாலும் உள்ளேயே கிடக்கும்.

பெயின்ட் அடிக்கும் முன் பாகங்களை, அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கே போதும். பால் பதத்துக்கு நீர்த்து, மெல்லிசாக மூன்று பூச்சு. முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது, பயப்பட வேண்டாம். அது நன்றாகக் காய்வதற்குள் மறுபடி தேய்த்தால்தான் பிய்த்துக்கொண்டு வரும்.

எல்லோரும் சறுக்கும் இடம் நீர்க்கோடு. கீழே சிவப்பு, மேலே சாம்பல், நடுவே நேர்கோடு. ஒரு பென்சிலை மரக்கட்டையின் மேல் சரியான உயரத்தில் படுக்க வைத்துக் கட்டுங்கள். கப்பலை அசையாமல் நிறுத்தி, கட்டையைச் சுற்றிலும் நகர்த்தினால் கோடு தானாக விழும். ஆனால் கோடு போடும் முன்பே, அது வரும் இடத்துக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கும்படி சாம்பல் அடித்துவிடுங்கள். காய்ந்ததும் கோடு போட்டு, அதை ஒட்டி மேல்பக்கம் மாஸ்கிங் டேப். இப்போது உடனே சிவப்பை எடுக்காமல், டேப்பின் ஓரத்தில் அதே சாம்பலை இன்னொரு முறை தடவுங்கள். டேப்புக்கு அடியில் எதுவாவது கசிவதானால் அந்தச் சாம்பல் கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன்மேல் சிவப்பு அடித்து, முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்தால் கோடு கத்தியால் கீறியது போல வரும்.

பாய்மரக் கம்பிகள் கடைசி வேலை, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷும் அடித்த பிறகு. மிச்சமான சட்டத் துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே, சுடர் படாமல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். 0.1 மி.மீ. நூல் இந்த அளவில் மூன்றரை செ.மீ. கம்பிக்குச் சமம். எனவே எவ்வளவு மெல்லிசாக இழுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். ஆனால் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வேண்டும் என்று கித்தானில் நாலாவதாக ஒன்றைக் கட்டிவைத்தார். 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது அந்த வேஷத்தில்தான். நம் ஊரில் தந்திரக்காரனை ‘எம்டன்’ என்று சும்மாவா சொல்கிறார்கள்? அதைச் செய்ய, மற்ற மூன்றின் உயரத்துக்கு ஒரு காகிதக் குழல் சுருட்டி, அதன்மேல் டிஷ்யூ காகிதத்தை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றுங்கள். காய்ந்ததும் அந்தச் சுருக்கங்கள் கித்தான் போலவே இருக்கும். அதை மட்டும் ஒட்டிவிடாமல் சும்மா நிறுத்தி வையுங்கள். முல்லரும் தேவைப்பட்டபோது ஏற்றி, மற்ற நேரம் இறக்கித்தான் வைத்திருந்தார்.