சின்னப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தர ஆசைப்படும் மகளும் ஒரு பொறியியல் சீட்டும்

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் கட்டிங் மெஷின் பார்ப்பவர் அவர். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மைத்துனர், தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசிவைத்துவிட்டார். முன்பணம் கட்ட ஒரு வாரம்தான் கெடு. மகளோ, "ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு ட்ராயிங், கிராஃப்ட் சொல்லிக்கொடுக்கிற டீச்சராத்தான் ஆவேன்" என்கிறாள். வீட்டில் அடுப்பு எரிந்தாலும் பேச்சுவார்த்தை இல்லை என்று அம்மா அழுதார்.

அண்ணாச்சி, பெண்பிள்ளை சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற உங்கள் கவலையில் தப்பே இல்லை. ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். கலந்தாய்வு மூலம் போனாலே தனியார் பொறியியல் கல்லூரிக்கு 2017-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய். உங்களுக்குப் பேசியிருப்பது நிர்வாக ஒதுக்கீடு. அது இதைவிட அதிகம். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் சேர்த்தால் நான்கு வருடத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டும். கட்டணத்தை அரசே கட்டும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். உதவிபெறும் பள்ளியில் படித்த உங்கள் மகளுக்குக் கிடையாது. இதற்காக மனைவியின் நகையை அடகு வைப்பதாகச் சொல்கிறீர்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்த பிள்ளை முதல் வருடக் கணக்கிலேயே அரியர் வைத்தால் நகையை யார் மீட்பது? மைத்துனர் மீட்டுத் தருவாரா? அக்கறையோடுதான் அவர் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது பாப்பா.

இனி பாப்பாவைப் பார்ப்போம். அச்சகத்தில் வெட்டிப்போட்ட ஓரத் தாள்களை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து, அதில் ஏதாவது செய்யச் சொல்லித் தருகிறாள். இதை அம்மா ஒரு குறையாகத்தான் சொன்னார். நான் பாப்பாவிடம் கேட்டேன்: "சின்னப் பிள்ளைகளுக்குக் கத்திரி கொடுப்பியா?" கொடுக்க மாட்டாளாம். ஐந்து வயதுப் பிள்ளைகளை முதலில் தாளைக் கையால் கிழிக்கவிடுகிறாள். "கத்திரி கொடுத்தா கத்திரியையே பாக்குறாங்க சார், தாளைப் பாக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். கிழிக்கக் கிழிக்கத்தான் விரல் நுனிக்குப் பலம் வரும், பென்சில் பிடிக்கவும் அந்தப் பலம்தான் வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிள்ளைகளைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

பிள்ளைகள் வரைந்த படங்களையும் பையில் கொண்டுவந்திருந்தாள். ஒரு படத்தில் பேருந்து. வெளிப்பக்கத் தகடும் தெரிகிறது, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆட்களின் காலும் தெரிகிறது. இன்னொன்றில் தாளின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் வீடு, மரம், ஆடு எல்லாம் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் நீலப் பட்டையாக வானம், நடுவில் வெறும் வெள்ளை. ஏழு, எட்டு வயதில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் வரைகிறார்கள். குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு 1947-லேயே இந்தப் படிநிலைகளை வரிசைப்படுத்திக் காட்டினார். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது. உங்கள் மகள் ஒரு படத்தைக்கூடத் திருத்தவில்லை. கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் குடிசை வரைந்துபோட்டு நாற்பது பிள்ளைகளையும் அதையே வரையவைக்கும் வகுப்புகள் இன்றைக்கும் நிறைய. அங்கே போய் நிற்க வேண்டியவள் இந்தப் பிள்ளை.

சரி, எப்படிப் போவது? நுண்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. சேர்க்கலாமே என்று அம்மா கேட்டார். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, நல்ல படிப்பு. ஆனால் அது ஓவியராக விரும்புகிறவர்களுக்கு. உங்கள் மகளின் ஆசை பிள்ளைகள் மேல். அதோடு பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் கலைக்கென்று தனியாக, அதுவும் பகுதி நேரப் பயிற்றுநரைச் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு மட்டும்தான், அங்கேயும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். அப்படித்தான் தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் பாப்பாவை நிறுத்த வேண்டாம்.

ஒன்று முதல் ஐந்து வரை கலை சொல்லித்தருவது யார்? வகுப்பாசிரியர்தான். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் எடுக்கும் அதே டீச்சர்தான் களிமண்ணையும் வண்ணத்தையும் எடுக்க வேண்டும். ஆகவே சின்னப் பிள்ளைகளோடு கலை செய்ய விரும்புகிறவள் படிக்க வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயம். டி.எல்.எட். என்பார்கள்; பழைய ஆட்களுக்கு டீச்சர் ட்ரெயினிங் என்றால் புரியும். பிளஸ் டூ முடித்ததும் சேரலாம், இரண்டே வருடம். பொதுப் பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு.

இதைச் சொன்னதும் "அதுக்கு இப்ப மவுசு இல்லையே" என்றீர்கள். ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சிப் பள்ளி திறந்து, ஆள் பெருகி, வேலை இல்லாமல் பெயர் கெட்டது உண்மைதான். அதற்கப்புறம் கூட்டம் வடிந்துவிட்டது. 2018-இலிருந்து பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி. பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு வரலாம் என்று சுற்றிப்போனால் ஐந்து வருடம் கழித்துக் கதவு பூட்டியிருக்கும்.

இந்தப் படிப்பில் குழந்தை உளவியல் இருக்கிறது, பாடம் நடத்தும் முறை இருக்கிறது, கலைக் கல்வி செய்முறையாகவே இருக்கிறது. பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிக் கற்பித்தல் பயிற்சியும் கொடுப்பார்கள். பாப்பாவின் கைவேலை அங்கேதான் விளையும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுப் பதித்தால் ஐந்து இதழ்ப் பூ வரும், வாழை மட்டையை நறுக்கினால் தேன்கூடு மாதிரி வலை. அந்த ஐந்து இதழ்ப் பூவிலேயே ஐந்தாம் வாய்பாடு சொல்லித்தரலாம். புளிய இலையையும் அரச இலையையும் தாளுக்கு அடியில் வைத்து மெழுகு வண்ணத்தால் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும்; சூழ்நிலையியல் பாடம் முடிந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு பெட்டி மெழுகு வண்ணமும், வீட்டில் காய்ச்சிய மைதாப் பசையும், உங்கள் அச்சகத்து ஓரத் தாளும்தான். பசை கெடாமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உங்கள் ஊரில் உண்டு. பிள்ளைகள் கைபடும் பசையில் அது கூடவே கூடாது, விஷம், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளட்டும்.

இப்படி நடத்துவதற்குப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பறையே பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவேலை என்றுதான் ஓடுகிறது. அதே ஆண்டு தொடங்கிய கலைத் திருவிழாவும் இருக்கிறது. கைவராத ஆசிரியர்கள் அங்கே திணறுவதை நான் நேரில் பார்க்கிறேன். மைத்துனர் பொறியியல் என்று பிடிவாதம் பிடித்தால் அரவிந்த் குப்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் மின்பொறியியல் படித்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யச் சொல்லித்தருவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சி உங்கள் ஊர்ச் சரக்கு, அண்ணாச்சி.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்க மாட்டேன். தனியார் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. பல ஊர்களில் பத்தாயிரத்தைச் சுற்றித்தான். அரசு வேலைக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளில் தேறி, அதன்பின் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர், அதாவது தொடக்க வகுப்பு எடுப்பவரின் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. 2024-இல் 1,768 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்தது எப்போது என்று நம்பி உட்கார முடியாது. தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், அதனால் படிப்பு முடிந்த கையோடு எழுதிவிட வேண்டும். அந்தத் தாளில் கணக்குக்கு 30 மதிப்பெண் உண்டு என்பதைப் பாப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். படம் வரைவதில் இருக்கும் ஆசை அங்கே அவளைக் காப்பாற்றாது, தினமும் உட்கார்ந்து கணக்குப் போட்டாக வேண்டும்.

சேர்வதாக இருந்தால் அரசு நிறுவனம், இல்லாவிட்டால் அரசு உதவிபெறும் நிறுவனம். வேறெங்கும் வேண்டாம். அரசு நிறுவனத்தில் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். எல்லா மாவட்டங்களிலும் சேர்க்கை நடப்பதில்லை. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்து, விடுதியோடு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். பாப்பா தமிழ் வழியில் படித்திருப்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கேட்டுப் பாருங்கள். 2024-இலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி படித்த பெண்களுக்கும் அதை நீட்டித்திருக்கிறார்கள்.

கூடவே அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ட்ராயிங் லோயர், ஹையர் இரண்டையும் எழுதிவிடட்டும். பட்டயம் முடிந்ததும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்குப் பதிந்துகொண்டு வேலை பார்த்தபடியே படிக்கலாம். ஐந்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கெல்லாம் ஆகாது.

மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் மட்டும் எந்தக் கல்லூரி ஏஜென்டிடமும் கொடுத்துவிடாதீர்கள். "சும்மா பார்த்துட்டுத் தர்றோம்" என்றுதான் வாங்குவார்கள், திரும்ப வாங்க அலையவிடுவார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய் வாங்கி வாருங்கள்.