வென்றால் வக்கீல் கட்டணம் திரும்ப வருமா? துருக்கியில் வராது

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். விடுமுறைக்குப் போய்த் தங்குவதற்காக, துருக்கியின் அலன்யாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு 72,000 யூரோ கட்டினேன். சொன்ன நாளில் வீடு வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர அங்கே ஒரு வக்கீலை அமர்த்தினேன். முன்பணம் 2,000 யூரோ, வென்றால் 15 சதவீதம் என்று ஒப்பந்தம். எதிர்த்தரப்பு தரும் வக்கீல் கட்டணமும் தனக்கே சேரும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு வீட்டை வாங்கிக் கொடுத்த ஆலோசகர், "இவர் இரட்டைக் கூலி வாங்குகிறார், நீக்கிவிடுங்கள், என் வக்கீலைத் தருகிறேன், நீதிமன்றக் கட்டணத்துக்கு 5,000 யூரோ மட்டும் அனுப்புங்கள்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: உங்கள் வக்கீல் எழுதியிருக்கும் அந்த வரி திருட்டு அல்ல. அது துருக்கியின் சட்டம்.

ஜெர்மனியில் தோற்றவர், வென்றவரின் வக்கீல் செலவையும் சட்டம் வகுத்த அளவுக்குச் சுமக்கிறார். அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். துருக்கியிலும் தோற்றவர் தலையில் ஒரு வக்கீல் கட்டணத்தை நீதிமன்றம் கட்டுகிறது. ஆனால் 1969ஆம் ஆண்டின் 1136ஆம் எண் வழக்கறிஞர் சட்டம், பிரிவு 164, அந்தத் தொகை வக்கீலுக்கே உரியது என்கிறது. கட்சிக்காரரின் கடனுக்காகக்கூட அதில் யாரும் கை வைக்க முடியாது. அதற்கு வெகாலெத் உஜ்ரெதி என்று பெயர். நம்முடைய வக்காலத்தும் அவர்களுடைய வெகாலெத்தும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். பெயர் சொந்தம்போல் இருப்பதால் விதியும் நம் ஊர்போல் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆக, இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று, ஒப்பந்தப்படி நீங்கள் தருவது. மற்றொன்று, தோற்றவர் தருவது. இரண்டும் உங்கள் வக்கீலுக்குத்தான். நீதிமன்றச் செலவு, நிபுணர் அறிக்கைச் செலவு போன்றவை வென்றால் உங்களுக்குத் திரும்பும். வக்கீலுக்குக் கொடுத்தது திரும்பாது. வெற்றி பெற்றவனுக்கு இது நியாயமா என்று என்னைக் கேட்டால், நியாயமில்லை என்றுதான் சொல்வேன். தன் பணத்தை மீட்பதற்கே ஒருவர் அதில் ஆறில் ஒரு பங்கை இழக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை வக்கீல்மேல் காட்டிப் பயனில்லை.

சதவீதத்துக்கு உச்சவரம்பு 25. உங்கள் 15 சதவீதம் 10,800 யூரோ. முன்பணத்தைச் சேர்த்தாலும் 12,800. வரம்புக்குள்தான் இருக்கிறது. இதற்குக் கீழ் எல்லையும் உண்டு. துருக்கி பார் கவுன்சில்களின் ஒன்றியம் ஆண்டுதோறும் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை அரசிதழில் வெளியிடுகிறது. அதற்குக் கீழே வக்கீல் ஒப்பந்தம் போடக் கூடாது. "வென்றால் மட்டும் கொடுங்கள், தோற்றால் ஒரு காசும் வேண்டாம்" என்று யாராவது தேன் தடவிப் பேசினால், அவர் வக்கீலா என்பதையே முதலில் சந்தேகியுங்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. 15 சதவீதம் எதன்மேல்? கேட்ட தொகையின்மேலா, தீர்ப்பில் கிடைத்ததன்மேலா, கைக்கு வந்ததன்மேலா? கட்டுமான நிறுவனம் திவாலாகிவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம்தான். அந்தக் காகிதத்தின்மேல் சதவீதம் கொடுக்க நேர்ந்தால் அழ வேண்டியதுதான். "வசூலான தொகையின்மேல்" என்று எழுதி வாங்குங்கள். தீர்ப்பை நிறைவேற்றிப் பணம் பிடுங்கும் வேலை, அதாவது இஜ்ரா, கட்டணப் பட்டியலின்படியே தனி வேலை, தனிக் கூலி. அதுவும் மேல்முறையீடும் இந்த 15இல் அடங்குமா என்பதையும், மதிப்புக்கூட்டு வரி சேர்த்ததா சேர்க்காததா என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஆலோசகர். பத்திப் பத்தியாக எழுதினாலும் என் எரிச்சல் தீராத இனம் இது. வீடு விற்றபோது கட்டுமானக்காரரிடம் தரகு வாங்கியிருப்பார். அதே வீட்டுக்காக வழக்குப் போடவும் தரகு வாங்க வருகிறார். வக்கீலுக்குக் காசு வாங்கிக்கொண்டு வழக்குப் பிடித்துக் கொடுப்பது துருக்கியில் குற்றம். பிரிவு 48இன்படி தரகருக்கும், தரகரை வைத்துக்கொள்ளும் வக்கீலுக்கும் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தரகர்கள் கடற்கரை ஊர்களின் காபிக் கடைகளில் இருக்கிறார்கள்.

அவர் கேட்கும் 5,000 யூரோவைப் பாருங்கள். எண்ணைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. பண வழக்குகளில் நீதிமன்றக் கட்டணம் ஆயிரத்துக்கு 68.31. 72,000க்கு ஏறத்தாழ 4,920 யூரோ. பாதி உண்மை கலந்த பொய்தான் நன்றாக விற்கும். அந்தக் கட்டணத்திலும் வழக்குத் தொடுக்கும்போது கட்ட வேண்டியது கால் பங்கு, சுமார் 1,230 யூரோ மட்டுமே. அதைவிட முக்கியம்: சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய வீடு என்றால் நீங்கள் நுகர்வோர். 6502ஆம் எண் நுகர்வோர் சட்டப்படி, நுகர்வோர் நீதிமன்றத்தில் நீங்கள் தொடுக்கும் வழக்குக்கு இந்தக் கட்டணமே கிடையாது. தபால், நிபுணர் போன்றவற்றுக்குச் செலவு முன்பணம் உண்டு. அது வேறு, அதற்கு ரசீதும் உண்டு.

வக்கீலை நீக்கும் யோசனை இன்னும் மோசம். தகுந்த காரணமின்றி நீக்கினால் வழக்கறிஞர் சட்டத்தின் பிரிவு 174இன்படி அவருக்கு முழுக் கட்டணமும் தர வேண்டும். பிறகு புதியவருக்கும் தர வேண்டும். ஆலோசகர் காட்டிய இரட்டைக் கூலி அப்போதுதான் உண்மையாகவே வரும். சட்டம் தனக்குக் கொடுத்த உரிமையை வக்கீல் ஒப்பந்தத்தில் எழுதியது நீக்குவதற்குத் தகுந்த காரணம் ஆகாது.

ஆலோசகர் தன் பெயரில் அதிகாரப் பத்திரம், அதாவது வெகாலெத்நாமே, கேட்டாரா? கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்; கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள். நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க வக்கீலால் மட்டுமே முடியும். வேறொருவருக்கு வெகாலெத்நாமே எதற்கு? விற்கும் அதிகாரம், பணம் பெறும் அதிகாரம் என்ற இரண்டு வரிகளும் அதில் புகுந்துவிட்டால் வழக்குக்கே வேலையில்லாமல் போய்விடும். வக்கீலுக்குத் தரும் பத்திரத்தைத் துருக்கித் தூதரகத்தில் செய்யலாம், அல்லது ஜெர்மன் நோட்டரியிடம் செய்து, அது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கலாம். சமரசம் செய்யவும் வழக்கைக் கைவிடவும் தனி அதிகாரம் வேண்டும். அதைக் கொடுப்பதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மன உளைச்சலுக்காகவும் பெருந்தொகை கேட்கலாமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த ஆலோசகர் நிச்சயம் சொல்வார். பொதுவிதி, அதிகம் கேட்டுக் குறைவாக வென்றால், தள்ளப்பட்ட பகுதிக்கு எதிர்த்தரப்பு வக்கீலின் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். மன உளைச்சல் இழப்பீட்டுக்கு மட்டும் கட்டணப் பட்டியலில் ஒரு தளர்வு: எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைப்பது உங்கள் வக்கீலுக்குக் கிடைப்பதைத் தாண்டக் கூடாது. முப்பதாயிரம் கேட்டு ஐந்தாயிரம் கிடைத்தது என்று வையுங்கள். உங்கள் வக்கீலின் தொகை அந்த ஐந்தின்மேல் கணக்காகும். தள்ளப்பட்டது இருபத்தைந்து என்றாலும் எதிர்த்தரப்புக்கு அதற்குமேல் கிடையாது. கோரிக்கை முழுவதுமே தள்ளுபடியானால் சதவீதம் இல்லை, பட்டியலிலுள்ள நிலையான தொகை மட்டும். ஆனால் இந்தத் தளர்வை நம்பி வீட்டுப் பணத்தை ஊதிக் கேட்காதீர்கள். கொடுத்தது 72,000 என்றால் 72,000 கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? வெளிநாட்டவர் வழக்குத் தொடுத்தால் துருக்கி நீதிமன்றம் பிணைத்தொகை கேட்கலாம். ஜெர்மன் குடியுரிமை என்றால் 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை உங்களைக் காக்கும். ஜெர்மனியில் வெறுமனே வசிக்கிறீர்கள் என்றால் இதை வக்கீலிடம் இப்போதே கேளுங்கள்.

வக்கீலை எப்படிச் சோதிப்பது? அலன்யா, அன்டால்யா பார் கவுன்சிலின் எல்லைக்குள் வருகிறது. அவர் எந்த பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறார் என்று கேட்டு, பார் கவுன்சில்களின் ஒன்றியத்தின் தளத்தில் பெயரைத் தேடுங்கள். கொடுத்த 2,000 யூரோவுக்கு மக்புஸ் என்னும் ரசீது கேளுங்கள். வழக்குக்கு முன் கட்டாயச் சமரசப் பேச்சு நடக்க வேண்டும். அதைத் தாண்டாமல் தொடுத்தால் வழக்கு நிற்காது. அது முடிந்து வழக்குப் பதிவானதும், நீதிமன்றம் வழக்குக்குத் தரும் எசாஸ் எண்ணைக் கேளுங்கள்: ஆண்டு, சாய்கோடு, வரிசை எண். அந்த எண்ணைத் தராமல் "நடக்கிறது, நடக்கிறது" என்றால் எதுவும் நடக்கவில்லை. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 31 வரை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நீதிமன்ற விடுமுறை, நேர்மையான வக்கீலும் அப்போது கடற்கரையில்தான் இருப்பார்.