மிட்லண்ட்ஸ் என்று எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

கேள்வி: இங்கிலாந்து கம்பெனி ஒன்றின் வேலை விளம்பரத்தில் இடம் 'வெஸ்ட் மிட்லண்ட்ஸ்' என்று போட்டிருக்கிறது. அது ஊரா, மாவட்டமா? எந்த நாட்டின் நடுப்பகுதியையும் மிட்லண்ட்ஸ் என்று எழுதலாமா? முன்னால் 'தி' வருமா?

பதில்: ஊர் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதற்கும் மிட்லண்ட்ஸ் என்று பெயர். பர்மிங்காம், கவென்ட்ரி, நாட்டிங்காம், லெஸ்டர், டெர்பி எல்லாம் அதற்குள்தான். பழைய மெர்சியா அரசு இருந்த நிலமும் ஏறக்குறைய இதுதான்.

வெஸ்ட் மிட்லண்ட்ஸ் என்று வரும்போதுதான் குழப்பம், ஏனென்றால் அந்த ஒரே பெயர் இரண்டு இடங்களுக்கு இருக்கிறது. ஒன்று, 1974-ல் உருவான கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்றது: பர்மிங்காம், கவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன், டட்லி, வால்சால் என்று நெருக்கமான நகரங்கள் சேர்ந்தது. இன்னொன்று அதைவிடப் பெரிய வட்டாரம். அந்தக் கவுன்டியோடு ஸ்டாஃபர்ட்ஷயர், வார்விக்ஷயர், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் எல்லாம் இதில் வரும். விளம்பரக்காரர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று அந்தப் பெயரை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே விண்ணப்பிக்கும் முன் எந்த ஊர் என்று கேட்டுவிடுங்கள், வீடு பார்ப்பதெல்லாம் அப்புறம். ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் இந்தத் தொல்லை இல்லை, அது வட்டாரம் மட்டும்தான்.

'தி' கண்டிப்பாக வேண்டும்: 'இன் தி மிட்லண்ட்ஸ்'. ஆனால் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ஏர்போர்ட் போல ஒரு நிறுவனப் பெயரின் பகுதியாக வந்தால் தேவையில்லை. வினைச்சொல் ஒருமையா பன்மையா என்றால், 'இஸ்' என்றும் எழுதுகிறார்கள், 'ஆர்' என்றும் எழுதுகிறார்கள். ஒரே வட்டாரமாக நினைத்து எழுதும்போது எனக்கு ஒருமைதான் பிடிக்கும். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிக்காரரை மிட்லண்டர் என்பார்கள்.

சரி, வேறு நாடுகளுக்கு? அங்கே ஏற்கெனவே அந்தப் பெயர் வழக்கில் இருந்தால் தாராளமாக. அயர்லாந்தில் அத்லோன், மலிங்கர் பக்கம் மிட்லண்ட்ஸ்தான். ஜிம்பாப்வேயில் அந்தப் பெயரிலேயே ஒரு மாகாணம் இருக்கிறது, தலைநகர் க்வேரு. டெக்சாஸின் மிட்லண்ட் தனி நகரம், ஃபோர்ட்வொர்த்துக்கும் எல்பாசோவுக்கும் இடையே ரயில் பாதையின் நடுவில் அமைந்ததால் வந்த பெயர். வழக்கில் இல்லாத நாட்டுக்கு நீங்களாக 'தி மிட்லண்ட்ஸ்' என்று போட்டால் படிப்பவர் இங்கிலாந்தைத்தான் நினைப்பார். அங்கெல்லாம் 'சென்ட்ரல்' போதும்.

கேரளப் புவியியல் பாடத்தில் வரும் மிட்லண்ட் மட்டும் வேறு கணக்கு. மலைநாட்டுக்கும் கடலோரத் தாழ்நிலத்துக்கும் இடைப்பட்ட இடநாடு அது. அங்கே 'நடு' என்பது நிலத்தின் உயரத்தை வைத்து. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் பெரிய எழுத்தும் (கேப்பிடல்) வேண்டாம்.