பல வருடங்களாக மனநல மருத்துவமனையில் இருப்பவரை வெளியே கொண்டுவந்து பராமரிக்க முடியுமா?

முடியும். ‘வெளியே’ என்றதும் நேராக உங்கள் வீட்டுக்கு என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்து பொறுப்பு உங்கள் தலையில்தான், சரியா? நானும் அங்கேதான் நின்றேன்.

என் அக்காவுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் அடங்கி வெகுகாலமான பிறகும் வார்டிலேயே இருந்தாள், போக இடமில்லாததால். கடைசியில் ஒரு குழு இல்லத்தில் இடம் கிடைத்தது. சாதாரண வாடகை வீடு, கூட மூன்று பெண்கள், பகலில் ஒரு உதவியாளர். நர்ஸ் மாதாமாதம் வந்து ஊசி போட்டுவிடுவார். மாத்திரையைத் துப்பிவிடுவாளோ என்ற கவலை அதோடு போயிற்று.

ஆரம்பத்தில் கதவு திறந்தே கிடக்கும், அக்கா அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள், யாராவது ‘போ’ என்று சொல்லும்வரை. குளிக்கட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா, எல்லாவற்றுக்கும் அனுமதி. அத்தனையும் வார்டில் படிந்த பழக்கம், ஊசியால் போகாது. மெல்ல மெல்லத்தான் போயிற்று. இப்போது சாவி அவளிடம். சொல்லாமல் போனால், “போன் பண்ணிவிட்டு வரத் தெரியாதா?” என்று என்னை வாசலிலேயே நிறுத்துகிறாள்.

“மருத்துவமனைகளை மூடினால் நோயாளிகள் தெருவுக்குத்தான் வருவார்கள்” என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வராதீர்கள். மருத்துவமனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றும்போது சேர்த்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் 1963-இல், ஊருக்குள்ளேயே சிகிச்சை தரும் சமூக மனநல மையங்களுக்குச் சட்டம் போட்டார்கள். படுக்கைகளைக் குறைத்த வேகத்தில் மையங்களைக் கட்டவில்லை, அங்கே நோயாளிகள் தெருவுக்கு வந்தது அதனால் வந்த வினை. இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரத்தில் மனநல மருத்துவர் பசாலியாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் மருத்துவமனையைக் காலிசெய்துகொண்டே, சில படுக்கைகளோடு இரவு பகலாகத் திறந்திருக்கும் மையங்களை அமைத்தார்கள். 1978-இல் மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட நாடு முழுவதற்கும் சட்டமே வந்தது.

என் தம்பிக்கு இதெல்லாம் ஏறாது. “ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தால் பத்திரமாக இருந்திருப்பாள்” என்று போனில் உபதேசம். அக்காவைப் பார்க்க நேரமில்லாதவனுக்கு அம்மா வீட்டை விற்றபோது கையெழுத்துப் போட மட்டும் நேரம் கிடைத்தது. சரி, அது வேறு கதை.

இல்லத்தைப் பார்க்கப் போனால் சுவரின் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். நள்ளிரவில் நிலைமை மோசமானால் யார் வருவார்கள், எந்த மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.